வலது பக்கத் திரை

"உனக்குப் பொறாமையே வராதா, அக்கா?"

என் தங்கை கொரினா போன கோடையில் என்னிடம் இப்படிக் கேட்டாள். வாய் நிறையச் செர்ரிப் பழம். கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பால்கனியிலிருந்து கீழே துப்பிக்கொண்டே கேட்டாள். பள்ளியில் அவளுக்கு முதல் பரிசு கிடைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நான் "வராது" என்றேன்.

அது பொய். ஆனால் இங்கே நான் எழுதப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நடந்த ஊர் ருமேனியாவில் உள்ள பிரைலா. எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடி. டிசம்பர் 18, புதன்கிழமை. மாலை 4:40-க்குத் தொடங்கியது, 7:58-க்கு முடிந்தது. அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் கண் அசரவும் இல்லை. மணி எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்பீர்கள். எட்டு மணிக்குள் ஒரு வேலையை முடித்தாக வேண்டியிருந்தது. அன்று முழுவதும் நான் பார்த்தது கடிகாரத்தைத்தான்.

என் பெயர் ஒட்டிலியா. பதினேழு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். விடை தெரிந்திருக்கும், வாயில் வராது. எல்லோரும் சிரிப்பார்கள். கம்ப்யூட்டர் அப்படி இல்லை, அது யாரையும் பேசச் சொல்லாது. அதனால் கட்டடத்தில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் எங்கள் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். நான் சரிசெய்து திரும்பக் கதவுக்கு வெளியே வைப்பேன். எனக்கு 'ஊமை டாக்டர்' என்று பெயர்.

கொரினா என்னைவிட ஒரு வயது சின்னவள். திறந்த குழாய் மாதிரி பேசுவாள். முப்பரிமாணப் படம் வரையும் சாஃப்ட்வேரை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எனக்கு அதைக் கற்க ஒரு வருஷம் பிடித்தது. அவளுக்கு இரண்டு வாரம். மூன்றாவது வாரம் அவள் அதில் வரைந்த ஒரு நாற்காலியைப் பார்த்தேன். அப்படி ஒரு நாற்காலியை என்னால் வாழ்நாளில் வரைய முடியாது என்று தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

புக்கரெஸ்டில் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனம் பயிற்சிக்கு ஒரே ஒரு ஆளை எடுப்பதாக அறிவித்தது. பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும். ஒரே ஒரு படம் அனுப்ப வேண்டும். தங்க இடம், சம்பளம் எல்லாம் அவர்களே தருவார்கள். கடைசி நேரம், டிசம்பர் 18, இரவு எட்டு மணி.

கொரினா ஒரு படகுத்துறையைப் போட்டாள். டான்யூப் ஆற்றின் மேல் விடிகாலைப் பனி. காலியான ஒரு பெஞ்ச். மூடிக் கிடக்கும் டிக்கெட் கூண்டு. நானும் ஒரு படம் தொடங்கியிருந்தேன். ஒரு சமையலறை. அவளுடைய படகுத்துறையைப் பார்த்த பிறகு அந்த ஃபைலை நான் திறக்கவே இல்லை.

டிசம்பர் 12 அன்று எங்கள் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு செத்தது. திரை முழுக்கப் பச்சைக் கோடுகள். பிறகு கறுப்பு. கொரினா தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். என் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சப்புக்கொட்டியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

14-ஆம் தேதி, சனிக்கிழமை. எங்களுக்கு நேர் மேலே, நான்காவது மாடியில், வலேரியா அத்தை வீட்டில் நாற்பதாம் நாள் சடங்கு. அவர் மகள் பெட்ரோனெலா நவம்பர் தொடக்கத்தில் நுரையீரல் காய்ச்சலில் போய்விட்டாள். பத்தொன்பது வயது. அவளும் படம் போடுகிறவள். அவளும் பேசாதவள். ஆறு வருஷமாகப் படிக்கட்டில் எதிரெதிரே வருவோம். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போவோம். எங்கள் கட்டடத்தில் என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

சடங்கு முடிந்ததும் செத்தவளுடைய பொருள்களைத் தானம் கொடுத்தார்கள். இங்கே கொடுப்பது அங்கே செத்தவளுக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. ஒவ்வொரு பொருளோடும் ஏற்றிய ஒரு மெழுகுவர்த்தி. கோட்டு ஒருத்திக்கு, காலணி ஒருத்திக்கு. வலேரியா அத்தை கொரினாவைக் கூப்பிட்டு ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே பெட்ரோனெலாவின் கிராபிக்ஸ் கார்டு.

"இந்தாம்மா. இங்கே உன்னோடது. அங்கே அவளோடது."

"அவளைக் கடவுள் மன்னிக்கட்டும்," என்று கொரினா முறையாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அத்தையின் கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள்.

எனக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கிடைத்தது.

கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, தூசு தட்டி, மாட்டி, ஓடவைக்கப்போவது நான். ஆனால் மெழுகுவர்த்தியோடு கொடுத்தது அவளிடம். வீட்டுக்கு வந்து அந்தக் காலுறையை அலமாரிக்கு அடியில் எறிந்தேன்.

அந்தக் கார்டுக்குக் கூடுதலாக ஒரு மின் கேபிள் தேவைப்பட்டது. அது தபாலில் வந்து சேர்ந்தது 18-ஆம் தேதி, மதியத்துக்குப் பிறகு.

4:40. கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சமையலறையில் அம்மா முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டிய சர்மாலே வேகவைத்துக்கொண்டிருந்தார். கொரினா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, நோயாளி பிழைப்பானா?"

"வெளிச்சத்தை மறைக்காதே."

"அம்மா! ஓடி வாங்க! அக்கா ரெண்டு வார்த்தை பேசிட்டா!"

"மூணாவது வார்த்தை திட்டா வரும், பாத்துக்கோ," என்றார் அம்மா சமையலறையிலிருந்து. "போய் டிரெஸ்ஸை மாட்டுடி. பாட்டு டீச்சர் என்னைத்தான் பிடிச்சுக் கத்துவா."

அன்று ஏழு மணிக்கு நகர அரங்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் பாட்டுக் கச்சேரி. தனியாகப் பாடும் வரிகள் கொரினாவுக்கு. அம்மா கேட்கப் போகிறார். இதுவும் வழக்கம்தான்.

4:55. ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது. திரை வந்தது. கொரினா குதித்தாள். ஆனால் படம் வரையும் சாஃப்ட்வேரைத் திறந்தால் ஒரு செய்தி. 'பொருத்தமான கிராபிக்ஸ் சாதனம் இல்லை.'

இது எதிர்பார்த்ததுதான். பழைய கார்டை இயக்கும் மென்பொருள், அதன் டிரைவர், இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. செத்தவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவனை வாசலில் யார் உள்ளே விடுவார்கள்? சேஃப் மோடில் திறந்து பழைய டிரைவரை வேரோடு எடுத்தேன். புதியதைப் போட்டேன். 5:40. மறுபடி திறந்தேன். வேறு செய்தி. ஒரு ஃபைலைக் காணோம். அதையும் திரும்பப் போட்டேன். 6:10. மறுபடி திறந்தேன். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

"வராமப் போனா?" என்றேன்.

கொரினா கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டிருந்தாள். சிவப்பு உடை.

"நீ இருக்கியே. ஏன் வராது?"

அவள் வந்து என் உச்சந்தலையில் முத்தமிட்டாள். "படத்தை முழுசா உருவாக்கி எடுக்கக் கம்ப்யூட்டருக்கு எட்டு நிமிஷம் ஆகும். எடுத்து அனுப்பிடு, போதும். கீழ் மூலையில என் பேரு போட்டிருக்கேன். அது இருக்கான்னு மட்டும் பாத்துக்கோ. படத்துல இருக்கற பேருதான் அவங்களுக்குக் கணக்கு."

6:20. இருவரும் கிளம்பினார்கள். படிக்கட்டில் அவள் பாடிக்கொண்டே இறங்குவது கீழ்க்கதவு வரைக்கும் கேட்டது. நல்ல குரல். அதுவும் அவளுக்குத்தான்.

சாஃப்ட்வேர் பழைய கார்டின் பெயரைத் தன் அமைப்பு ஃபைலில் எழுதிவைத்திருக்கும். அதை அழித்தால் புதிதாகத் தேடிக்கொள்ளும். அழித்தேன். 6:45-க்குத் திறந்தேன்.

இந்தமுறை பிழைச் செய்தி வரவில்லை. தொடங்கும்போது வரும் மணியோசை கேட்டது. கீழே அதன் சின்னம் எரிந்தது. ஆனால் திரையில் ஒன்றும் இல்லை. சாஃப்ட்வேர் ஓடுகிறது. அதன் ஜன்னலைக் காணோம்.

மவுஸை நகர்த்தினேன். அம்பு வலது ஓரத்துக்குப் போனது. அங்கே முட்டி நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது.

கை இழுத்த தூரம் எனக்குத் தெரியும். இன்னொரு முழுத் திரையின் அகலம். பிறகுதான் எங்கோ முட்டியது. அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். இரண்டு கட்டங்கள். ஒன்று, இரண்டு. இடது பக்கம் எங்கள் திரை. வலது பக்கம் இன்னொரு திரை.

எழுந்து போய்ப் பெட்டியின் பின்பக்கம் பார்த்தேன். கார்டில் ஒரே ஒரு கேபிள். எங்களுடையது. மற்ற துளைகள் காலி.

முன்பு எந்தத் திரையோடு சேர்ந்திருந்தோம் என்று கார்டுக்கு ஞாபகம் இருக்காது. அந்த விவரமெல்லாம் கம்ப்யூட்டரின் டிஸ்கில்தான் பதியும். டிஸ்க் எங்களுடையது. அதில் எங்களுக்கு எந்தக் காலத்திலும் இரண்டாவது திரை இருந்ததில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது திரையை அணைத்தேன். சாஃப்ட்வேரைத் திறந்தேன். 'பொருத்தமான கிராபிக்ஸ் சாதனம் இல்லை.'

இரண்டாவது திரையை மீண்டும் சேர்த்தேன். திறந்தேன். மணியோசை. ஓடியது.

மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அப்படித்தான். அந்தத் திரை இருந்தால்தான் சாஃப்ட்வேர் ஓடும்.

7:05.

காணாமல் போன ஜன்னலை இழுத்துக் கொண்டுவர வழி இருக்கிறது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அடுத்த திரைக்குத் தாவும். அழுத்தினேன். வந்தது. படகுத்துறை. பனி. பெஞ்ச்.

டிக்கெட் கூண்டுக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

கொரினாவின் படத்தில் விளக்கு கிடையாது. கூண்டு மூடிக் கிடக்கும். முந்தின வாரம்வரை நான் தினமும் பார்த்த படம். இப்போது உள்ளே மஞ்சளாக ஒரு வெளிச்சம். அது தண்ணீரில் விழுந்து மூன்று துண்டாக உடைந்து கிடந்தது. மிக அழகாக இருந்தது.

படத்தைத் தொட்டுப் பார்க்க மவுஸை அழுத்தினேன். இடது பொத்தான் வலது பொத்தானின் வேலையைச் செய்தது. வலது, இடதின் வேலையை. யாரோ மாற்றி வைத்திருந்தார்கள்.

பெட்ரோனெலா இடதுகைக்காரி. படிக்கட்டில் அவள் இடது கையால்தான் சாவியைத் திருப்புவாள்.

மேலே கூரையில் ஒரு சத்தம்.

கடகட... கடகட... சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று மேசைக்குப் பக்கத்தில் நகரும் சத்தம்.

வலேரியா அத்தைதான் என்று சொல்லிக்கொண்டேன்.

7:20. நான் தொடாமலே ஜன்னல் நகர்ந்தது. மேசைவிரிப்பை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மெல்ல இழுப்பதுபோல... வலது ஓரத்துக்குள் போய் மறைந்தது.

இழுத்தேன். வந்தது. ஒரு நிமிஷத்தில் மறுபடியும் போனது.

அங்கே என்ன நடக்கிறது? பார்க்க ஒரு வழி இருந்தது. ஸ்கிரீன்ஷாட். ஒரு விசையை அழுத்தினால் கம்ப்யூட்டர் எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே படமாகப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத திரையையும்.

7:31. பிடித்தேன். ஒட்டிப் பார்த்தேன்.

நீளமான படம். இடது பாதி எங்கள் திரை. வலது பாதியில் படகுத்துறை முழுசாகத் திறந்திருந்தது. அதன் மேல் ஓர் அம்பு.

என்னுடைய அம்பு இடது பாதியில் இருந்தது. அதையும் பார்த்தேன்.

இரண்டு அம்புகள்.

ஓடியிருக்க வேண்டும். கதவைத் திறந்து படிக்கட்டில் இறங்கியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. ஏன் என்று சொல்கிறேன். பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது.

செத்தவள்கூட அவளுக்குத்தான் உதவுகிறாள்.

அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. எனக்குக் காலுறை. அவளுக்குக் கார்டு, கார்டோடு கைவேலையும். ஆறு வருஷம் படிக்கட்டில் ஒதுங்கி வழிவிட்டது நான். என்னைப் போன்றவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள், சாவுக்குப் பிறகு வந்து உட்கார்ந்திருப்பது கொரினாவின் படத்தில்.

7:36. பிடித்தேன். பெஞ்சின்மேல் இப்போது ஒரு குடை. நனைந்த குடை. நுனியிலிருந்து பலகையில் தண்ணீர் வழிந்திருந்தது. யாரோ இப்போதுதான் அதை மறந்து வைத்துவிட்டுப் படகேறியதுபோல. அந்தக் குடையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் படம்தான் ஜெயிக்கும். கொரினா போய்விடுவாள். நான் இந்த அறையில் மற்றவர்களின் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

7:44. பிடித்தேன். கீழ் மூலையில் சிறிய எழுத்தில் 'கொரினா'. பெயர் சரியாக இருந்தது. இழுத்துக்கொண்டுவந்து படத்தை எடுக்க வேண்டியதுதான். எட்டு நிமிஷம். நேரம் இருந்தது.

இழுக்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இழுக்கவில்லை. காத்திருந்தேன். எட்டு மணி தாண்டிவிட்டால் என்ன? கார்டு சரிப்படவில்லை என்று சொல்லலாம். நம்புவாள். நான் எது சொன்னாலும் நம்புவாள்.

மேலே கடகட... நின்றது.

7:46. பிடித்தேன். மூலை காலி. கொரினாவின் பெயர் இல்லை.

என் விரல்கள் ஸ்கிரீன்ஷாட் விசையையும் ஒட்டும் விசைகளையும் தவிர வேறு எதையும் தொடவில்லை. சத்தியமாக.

7:47. பிடித்தேன். மூலையில் ஒரு வட்டம். எங்கள் லத்தீன் எழுத்தில், ஓ.

ஃபேன் வேகமாகச் சுற்றியது. பெட்டியிலிருந்து மெழுகு வாசனை வந்தது.

7:48. பிடித்தேன்.

ஒட்டிலியா.

என் பெயர். எங்கள் மொழியில் ஆறு எழுத்து.

பிறகு... சிரித்தேன் என்றே நினைக்கிறேன். அவள் எனக்காக எழுதியிருக்கிறாள். என்னைப் போன்றவள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று விசைகளை அழுத்தினேன். ஜன்னல் வந்தது. இந்தமுறை எங்கும் போகவில்லை.

7:49. பெயரை மாற்ற அரை நிமிஷம் போதும்.

மாற்றவில்லை.

படத்தை எடுத்தேன். எட்டு நிமிஷம். 7:57.

7:58. அனுப்பினேன்.

மவுஸை வலது பக்கம் தள்ளினேன். அம்பு ஓரத்தில் முட்டி நின்றது. அமைப்புகளில் ஒரே ஒரு கட்டம்.

மேலே ஒரு சத்தமும் இல்லை.

ஒன்பதரைக்குக் கொரினா கையில் பூங்கொத்தோடு வந்தாள். அனுப்பிய படத்தை முதலில் பார்த்தாள். விளக்கு, குடை எல்லாம் நான் வைத்ததாக நினைத்து என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு மூலையைப் பார்த்தாள்.

"என் பேரு எங்கக்கா?"

"கம்ப்யூட்டர் என் பேர்ல பதிஞ்சிருக்கு. புதுக் கார்டு போட்டதும் சாஃப்ட்வேர் எல்லாத்தையும் புதுசா எடுத்துக்கிச்சு. பேரையும் அதுவே போட்டுக்கிச்சு. கவனிக்கல."

அவள் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"சரி விடு. அழாதே. வந்தா அப்புறம் சொல்லிக்கலாம்," என்றாள். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜனவரி 10-ஆம் தேதி பதில் வந்தது. தேர்வானவர், ஒட்டிலியா. 15-ஆம் தேதிக்குள் உறுதி சொல்ல வேண்டும்.

"நீயே எழுதிடுக்கா," என்றாள் கொரினா. அவள் முகம் முழுக்க வெளிச்சம். "கம்ப்யூட்டர் பண்ண தப்புன்னு எழுது. நான் எழுதினா திருட்டுக் கேஸ் மாதிரி இருக்கும். நீ எழுதினாதான் நம்புவாங்க."

"எழுதறேன்."

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அவள் தினமும் கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஒரு வரி எழுதவில்லை.

14-ஆம் தேதி பிற்பகல். அந்தக் கார்டு எங்கள் வீட்டில் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. கழற்றினேன். பெட்டியில் போட்டு நான்காவது மாடிக்கு எடுத்துப் போனேன். கொரினா பள்ளியிலிருந்து வர இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

வலேரியா அத்தை கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதை நான் வாங்கக் கூடாதும்மா. தானம் கொடுத்ததைத் திருப்பி வாங்கினா, அங்கே அவ கையிலேர்ந்து பிடுங்கின மாதிரி."

"எங்களுக்கு வேண்டாம் அத்தை."

"தப்பு உங்க மேல இல்ல. என் மேலதான். பாதியைத்தான் கொடுத்தேன்."

"பாதியா?"

அவர் நகர்ந்து வழிவிட்டார். வாசலிலிருந்தே அறை தெரிந்தது. பெட்ரோனெலாவின் மேசை. அதன் மேல் வெள்ளைத் துண்டு போர்த்திய ஒரு திரை. அதன் வயரைச் சுருட்டி ரிப்பனால் கட்டியிருந்தார்கள்.

"தட்டைக் கொடுத்தா கூடவே கரண்டியையும் கொடுக்கணும். கட்டிலைக் கொடுத்தா மெத்தையையும். இல்லேன்னா அங்கே அவ எதை வெச்சுச் சாப்பிடுவா, எதுல படுப்பா? யாருக்குத் தெரியாது இது? எனக்குத் தெரியும். ஆனா திரையைக் கொடுக்க மனசு வரலை. அதுல அவ விரல் ரேகை இருக்கு."

நான் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின புதன்கிழமை," என்றார். "ஆறே முக்கால் இருக்கும். துண்டுக்குள்ள வெளிச்சம் தெரிஞ்சுது."

"வயர்..."

"இப்படியேதான் கட்டியிருந்துச்சு. துண்டை எடுத்தேன். ஒரு படகுத்துறை. அவ வரைஞ்சுகிட்டிருந்தா. நான் பெத்தவ, அவ கோடு எனக்குத் தெரியாதா? கட்டில்ல உட்கார்ந்து பாத்துக்கிட்டிருந்தேன். விளக்கை ஏத்தினா. பெஞ்ச் மேல குடை வெச்சா. அது என் குடைம்மா. ஆஸ்பத்திரியில மறந்து வெச்சுட்டு வந்த குடை."

நாற்காலியில் யார் இருந்தார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"மூலையில உன் தங்கச்சி பேரு இருந்துச்சு. இவ அதைத் தொடலை. அதுக்குக் கீழே தன் பேரை எழுதினா. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட மாதிரி. எழுதி முடிச்சதும் நான் பைத்தியக்காரி மாதிரி கைதட்டினேன்."

அவர் குரல் தாழ்ந்தது.

"அப்போதான் இன்னொருத்தி வந்தா."

"யாரு?"

"உள்ளேர்ந்து. இடது பக்கத்துலேர்ந்து வந்தா. அவ கை வேற. என் பொண்ணு கை நிதானம். இது அவசரக் கை. ரெண்டு பேரையும் படபடன்னு அழிச்சா. என் பொண்ணோட அம்பு அப்படியே ஓரத்துக்கு ஒதுங்கிப் போயிடுச்சு. வழிவிட்ட மாதிரி. அப்புறம் அந்த அவசரக் கைக்காரி ஒரு வட்டத்தைப் போட்டா. அதுக்கு அடுத்த எழுத்து. அதுக்கு அடுத்தது. ஆறு எழுத்து. அத்தோட திரை அணைஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட எரியலை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இந்தக் கட்டடத்துல அந்தப் பேர்ல வேற யாரு இருக்கா, ஒட்டிலியா?"

என் விரல்கள் அன்று எதையும் தொடவில்லை. இப்போதும் சொல்கிறேன். தொடவில்லை.

பின்னால் ஒரு சின்னச் சத்தம். காகிதப் பை கசங்கும் சத்தம்.

திரும்பினேன்.

படிக்கட்டில், நான்கு படி கீழே, கொரினா நின்றிருந்தாள். தோளில் பள்ளிப் பை. கையில் ரொட்டி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. வெளிறிய அவள் முகத்தைப் பார்த்தால் போதுமான நேரம் நின்றிருக்கிறாள்.

"கொரினா... அது கம்ப்யூட்டர்..."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தாள். முதலில் வலது கை. பிறகு இடது.

ரொட்டியைப் படியில் வைத்தாள்.

இறங்கினாள். மூன்றாவது மாடி. எங்கள் கதவு. நிற்கவில்லை.

இரண்டு...

ஒன்று...

கீழ்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.